அரைப்பேர் இல்லாத வீடு

இந்த நாட்டில் கடிதம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிறது. கதவின் நடுவில் ஒரு பித்தளை வாய் இருக்கும். தபால்காரர் அதைத் தூக்கிக் கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டு, நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்ற வரிசை வீட்டில் ஒவ்வொரு காம்பராவுக்கும், அதாவது அறைக்கும், நம்பர் உண்டு, விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே கிடந்து தூசு பிடித்து, யாராவது மனமிரங்கிக் கொண்டுவந்தால் கைக்குக் கிடைக்கும். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்டவள் இங்கிலாந்துக்கு வந்து, காலடியில் என் பெயர் போட்ட உறை விழுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பீட்சா விளம்பரத்தைக்கூட இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைப்பேன். "குப்பையத் தூக்கி மேசையில வைக்கிறியே புள்ள!" என்று வசந்தி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்த வசந்தி அக்காவைப் பற்றியும், ஒருநாள் அந்தப் பித்தளை வாய் துப்பிய கடிதத்தைப் பற்றியும்தான் சொல்ல உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்கள் கதையாகப் படித்துக்கொள்ளுங்கள். என்னைப்போல வெளிநாட்டில் இன்னொருவரோடு சேர்ந்து வீடு எடுத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

நான் புஷ்பராணி. ஆறு வருஷம் கொழுந்து எடுத்தேன். பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தோடு இரத்தினபுரியில் ஒரு தாதி உதவியாளர் படிப்பு. ஆங்கிலப் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினேன். நாடு வங்குரோத்து ஆகிவிட்டது, வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றுவிட்டு, என் கணவர் லோகநாதன் த்ரீவீலைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே முடிவெடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை என்று விசா வந்தது, கிளம்பிவிட்டேன். கணவர், மகள், மாமியார், நாத்தனார் லெட்சுமி நால்வரும் லயத்திலேயே இருக்கிறார்கள்.

லயத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அது அவ்வளவு லேசான காரியமில்லை. எங்கள் தோட்டத்தில் காம்பராவுக்கு வாடகை கிடையாது. ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்க வேண்டும். அதாவது செக்ரோல் என்ற சம்பள ஏட்டில் பெயர் இருக்க வேண்டும், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் போக வேண்டும். எழுதின சட்டமோ இல்லையோ, நடைமுறை அதுதான். பேர் போனால் காம்பராவும் போகும் என்ற பயம் எல்லோர் வயிற்றிலும் உண்டு. என் பெயர்தான் அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் கிளம்பியதும் லெட்சுமி, பலாங்கொடைப் புடவைக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுத் தன் பெயரைக் கொடுத்தாள். "ரெண்டே வருஷம் லெட்சுமி. நான் காசு சேத்து டவுனுப் பக்கம் காணி வாங்கிர்றேன். அப்புறம் நீ பேர வெட்டிட்டுக் கல்யாணங் கட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேகாலையில் ஒரு மாப்பிள்ளை, பேக்கரியில் வேலை, நல்ல குணம். அவரும் காத்திருக்கிறேன் என்றார். ஒரு சின்ன வீடு கட்டும் அளவுக்கு எட்டுப் பேர்ச் காணி ஒன்றும் பேசி வைத்தோம்.

இங்கே வந்த மூன்றாம் மாதம் வசந்தி அக்காவைச் சந்தித்தேன். பலாங்கொடைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தின் மகள். ஊரில் என்றால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மேசை இருந்திருக்கும். அவர் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். இங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறார். கணவர் பிரிந்து போய்விட்டார், பிள்ளை இல்லை. வீட்டிலிருந்தே ரோல்ஸ், பாண், பகல் சாப்பாட்டுப் பார்சல் செய்து விற்றுக்கொண்டிருந்தார். இங்குள்ள யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் நான் வாயைத் திறந்தால் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். வசந்தி அக்கா மட்டும் என் முதல் வார்த்தையிலேயே, "அட, நீ நம்ம மலைப் புள்ளடி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்போம். யார் மேலாவது இரக்கம் வந்தால் "அனே பவ்" என்று ஒரே நேரத்தில் சொல்வோம். அந்தச் சத்தம் கேட்கத்தான் மனம் ஏங்கியிருந்தது போலும்.

இரண்டு அறை வீடு ஒன்று பார்த்தோம். வீட்டு முகவர் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். "ஆளுக்குப் பாதி புள்ள. ஒன் பாதிய என் கையில குடு, நான் மொத்தமாக் கட்டிர்றேன்" என்றார் அக்கா. எனக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே தோன்றவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்த பேர்க் கணக்கு வேறு. தோட்டத்தில் நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். ஆகவே எந்தப் பேரையும் பாதியாக வெட்டலாம் என்பது என் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. நான் ஓர் அறையில் இருக்கிறேன், பாதி வாடகை கொடுக்கிறேன், எனவே இந்தக் காகிதத்தில் எனக்கு அரைப்பேர். அப்படித்தான் நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டது மட்டுமா? எங்கள் வம்சத்தில் ஒரு வீட்டுக் காகிதத்தில் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். என் கணவர் அதைத் த்ரீவீலில் ஏறியவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார், மகராசன்!

அக்காவுக்குத் தொழில் நன்றாகத்தான் போனது. அதுதான் வினையானது. கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தார். கடன் வாங்கிப் பெரிய அடுப்பு, கண்ணாடி அலுமாரி, பெயர்ப் பலகை எல்லாம் போட்டார். திறப்பு விழாவுக்கு நான் சேலை கட்டிப் போனேன். முதல் இரண்டு மாதம் கூட்டம். பிறகு மின்சாரக் கட்டணம் ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, சாப்பிட வந்தவர்கள் வீட்டிலேயே சமைக்கத் தொடங்கினார்கள். அக்கா சிரிப்பது குறைந்ததைக் கவனித்தேன். களைப்பு என்று நினைத்தேன். நான் காலை ஏழு மணி வேலைக்குப் போனால் தபால் வருவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விடுவேன். திரும்பி வரும்போது வாசல் விரிப்பு சுத்தமாக இருக்கும். விளம்பரத் தாள்கூட இருக்காது. அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் உடம்புக்கு முடியாமல் வீட்டில் நின்றேன். டப் என்று சத்தம். விரிப்பில் ஓர் உறை, மேலே இருவர் பெயரும். பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் எடுத்தேன். ஐந்து மாத வாடகை பாக்கி, முழுவதும் கட்டாவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தேன்.  ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே என் பாதியை அக்கா கையில் கொடுத்தவளாச்சே நான்!

பின்னேரம் அக்கா வந்து, மறுநாள் ரோல்சுக்கு லீக்ஸ் வெட்டத் தொடங்கினார். கடிதத்தை வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அஞ்சாவதா?" என்றார்.

அப்போதுதான் இதற்கு முன்னால் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன என்று உறைத்தது. "ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ. நீயும் போயிட்டா நான் எங்க புள்ள போறது?"

"நான் குடுத்த காசு?"

"கடைக்குப் போயிருச்சு. அடுத்த மாசம் தூக்கிருவேன், அடுத்த மாசம் தூக்கிருவேன்னே நெனச்சேன்." கத்தியைக் கீழே வைத்தார். "இனி முடியாதுடி. வங்குரோத்து எழுதிக் குடுத்துட்டேன்."

நான் பேசியதை இங்கே முழுதாக எழுத வெட்கமாக இருக்கிறது. பஸார்க்காரி புத்தியைக் காட்டிவிட்டீர்கள், தோட்டத்துக்காரி என்றுதானே ஏமாற்றினீர்கள் என்று கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் வந்தது.  அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பலாங்கொடையில இருந்திருந்தா ஒன்னையக் கடைக்கு வெளியிலதான் நிக்க வச்சிருப்பேன். அது உண்மதான். ஆனா இங்க ஒன்னைய விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். லீக்ஸ் வெட்டும் சத்தம் மட்டும் மறுபடி கேட்டது. கடை மூடப் போகிறது, ஆனாலும் நாளைக்குச் சொல்லி வைத்தவர்களுக்கு ரோல்ஸ் கொடுக்க வேண்டுமே.

மறு வாரம், நூலகத்தின் மாடியில் இலவசமாக ஆலோசனை சொல்லும் இடத்துக்குப் போனேன். நரைத்த தலையோடு ஓர் அம்மா இருந்தார், இளகிய முகம். காகிதத்தை எல்லாம் படித்துவிட்டு, உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்.

"ஹாஃப்" என்றேன். "ஒன்லி ஹாஃப் நேம், மேடம்."

அவருக்கு விளங்கவில்லை. பாதிப் பெயரா, முழுப்பெயரைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று என் கையெழுத்தைக் காட்டினார். நான் கொழுந்து, கிலோ, அரைப்பேர் என்று என் ஆங்கிலத்தில் விளக்க, அவர் பேனாவை வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம். கடைசியில், நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசிக்கொண்ட பாதி உங்களுக்குள்தான், காகிதத்தில் பாதி என்று எதுவும் இல்லை என்றார். ஜொயின்ட் டெனன்சியாம். வீட்டுக்காரர் முழு வாடகையையும் இருவரிடமும் கேட்கலாம், ஒருத்தியிடம் மட்டும்கூடக் கேட்கலாம். பிறகு, வங்குரோத்து ஆனதால் உங்கள் தோழியிடம் அந்தப் பழைய பாக்கியை இனிக் கேட்க முடியாது, அவரைப் பொறுத்தவரை அது தீர்ந்த மாதிரி என்றார்.

தீர்ந்தது என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் எழுந்து நின்றுவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "தேங்க் யூ மேடம், தேங்க் யூ, காட் ப்ளெஸ் யூ!" என்று பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். அந்த அம்மா ஓடிவந்து என் தோளைத் தொட்டுத் திரும்ப உட்கார வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கடன் தீரவில்லை, புஷ்பா. கடனிலிருந்து அவரை மட்டும்தான் விட்டார்கள். கடன் அப்படியே இருக்கிறது, அதோடு இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். ஏற்கெனவே பாதியை அக்காவிடம் கொடுத்துவிட்டேனே என்றேன். வீட்டுக்காரர் கைக்குப் போகவில்லையே என்றார். அப்படியானால் அக்காவிடம் நான் திருப்பிக் கேட்க முடியாதா? கேட்கலாம், மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம் என்று கையை விரித்தார்.

பஸ்சில் திரும்பும்போது யோசித்தேன். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கள் நாடு வங்குரோத்தானபோதும் இதேதான். கடன் வாங்கியவர்கள் யாரோ. கட்டியது வரிசையில் நின்றவர்கள், ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்தவர்கள். நாடு என்ற அந்த வீட்டிலும் நாங்கள் ஓர் ஓர அறையில்தான் இருந்தோம். பாக்கி வந்தபோது மட்டும் முழுப்பேர் போட்டார்கள். ஆனால் நாட்டின் மேல் வந்த கோபம் அக்காவின் மேல் முழுதாக வரமாட்டேன் என்றது. நாட்டை ஏப்பம் விட்டவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அக்கா கைவளையலைக்கூட விற்றுவிட்டு ரோல்ஸ் உருட்டுகிறார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம். இது அரசாங்கத்திலிருந்து, என் பெயருக்கு மட்டும். வங்குரோத்தான வசந்தியின் கடன்காரர்களில் நீங்களும் ஒருவர் என்று எழுதியிருந்தது. கடன்காரர் என்றால் கடன் கொடுத்தவர்.  எங்கள் பரம்பரையில் யாரையாவது கடன் கொடுத்தவர் என்று எந்தக் காகிதத்திலாவது எழுதியிருக்கிறார்களா? அக்காவிடம் காட்டினேன். அந்தச் சண்டைக்குப் பிறகு மூன்று வாரமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"யாரு யாருக்குக் குடுக்கணும்னு லிஸ்ட் கேட்டாங்க. பேங்க் பேர எழுதுறதுக்கு முந்தி ஒன் பேரத்தான் எழுதுனேன்" என்றார் அக்கா. "சட்டம் என்னைய விட்ருச்சு புள்ள. நான் விட மாட்டேன். இந்தக் கேசு முடியட்டும், மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா ஒன் கையில தருவேன்."

"தருவீங்களா?"

"தருவேன்டி."

நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். அன்றைக்கு இருவரும் ஒரே சட்டியில் சோறு வடித்துச் சாப்பிட்டோம். அடுத்த மாதம் அக்கா வேறு நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குப் போய்விட்டார். தங்க இடமும் கொடுத்தார்களாம். போகும்போது பெரிய அடுப்பு, அலுமாரி எல்லாம் போய், கையில் ஒரு பையும் ரோல்ஸ் கத்தியும்தான் இருந்தன. பஸ் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கோபம் இருந்தது, அழுகையும் வந்தது.

நான் வீட்டு முகவரிடம் போய், இனி வரும் முழு வாடகையோடு பாக்கியையும் தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் தவணையைப் பெரிதாகக் கேட்டார். வேறு வழி? காணிக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்தேன். அந்தக் காணிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். இந்தச் செய்தியை வீட்டுக்குச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தொலைபேசி எடுத்தேன். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காணி போச்சாம்" என்று வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார். லெட்சுமி தொலைபேசியை வாங்கினாள்.

"காணி போச்சா அண்ணி?"

"போச்சுடி."

"கமக் நே, விடுங்க" என்றாள். பரவாயில்லை என்று சிங்களத்தில் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் போல. பிறகு சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அங்க ஒங்க பேரு இருந்ததால அந்தக்கா தூங்குனாங்க. இங்க எம் பேரு இருக்கிறதால நம்ம வீடு தூங்குது. நான் யாரு பேருல அண்ணி தூங்குறது?"

 கேகாலை மாப்பிள்ளை வீட்டில் தை மாதத்துக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் அவள் சொல்லவில்லை. மாமியார்தான் பின்னால் இருந்து சொன்னார். ஐந்து மாத வாடகையை என் தலையில் கட்டியபோது நான் அந்த வீடே அதிரக் கத்தினேன். இந்தப் பெண்ணின் தலையில் நான் மூன்று வருஷமாக ஒரு வீட்டையே கட்டி வைத்திருக்கிறேன். அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

"ஒங்க அண்ணன்கிட்ட குடு" என்றேன். அவர் வந்தார். "நாளைக்கு ஆபீசுக்குப் போங்க. அவ பேர வெட்டச் சொல்லுங்க, ஒங்க பேர குடுங்க."

"நானா?" என்றார். "த்ரீவீலு?"

"அந்திக்கு ஓட்டுங்க."

"பெரட்டுக்களத்துல போயி நின்னா ஆளுங்க என்னா சொல்லுவாங்க புஷ்பா? தோட்டத்து வேலைய விட்டுப் பத்து வருஷமாச்சு."

"சொல்லட்டும். ஒங்க பொண்டாட்டி இங்க நாலு பேருக்குப் பீ மூத்திரம் கழுவுறா. அதையும் சேத்துச் சொல்லட்டும்!"

வெடுக்கென்று வைத்துவிட்டேன். பிறகு ஒரு வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை.  தவணைக் கணக்கைப் பார்ப்பதும், காலை வேலைக்குப் போய் ஏட்டில் கையெழுத்துப் போடுவதுமாக நாள் போனது. நான் ஏழு மணிக்குக் கையெழுத்துப் போடும்போது அங்கே காலைக் கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கியிருக்கும். லெட்சுமி கூடையோடு வரிசையில் நிற்பாள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசியைப் பார்த்தேன். கணவரிடமிருந்து ஒரு குரல் பதிவு. சத்தமில்லாமல் ஒரு மூலையில் நின்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"ஆம்பளைக்கு வேற வேல இல்லன்னுட்டாங்க. கொழுந்துதான். மேட்டு மலையில போட்டாங்க. காலையில இருந்து எடுத்தும் பதினோரு கிலோதான் நின்னுச்சு. கணக்கப்புள்ள அரைப்பேருதான் போட்டாரு. லெட்சுமி பாத்துப் பாத்துச் சிரிக்கிறா, அவள ஒரு வார்த்த கேளு."

பின்னால் உண்மையாகவே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. புடவைக் கடையில் வேலை பார்த்த காலத்துச் சிரிப்பு. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். என்ன புஷ்பா, அழுகிறாயா சிரிக்கிறாயா என்று கூட வேலை செய்யும் பெண் கேட்டாள். "மை ஹஸ்பண்ட் காட் ஹாஃப் நேம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கங்ராட்ஸ் என்றாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது விரிப்பில் ஓர் உறை கிடந்தது. இரண்டாம் தவணை கிடைத்தது என்ற கடிதம். மேலே இன்னும் இருவர் பெயரும் போட்டிருந்தார்கள், வசந்தி அக்காவுடையதும் என்னுடையதும். இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தேன். இங்கே எனக்கு முழுப்பேர், அங்கே எங்கள் வீட்டுக்கு அரைப்பேர். இரண்டு நாட்டையும் கூட்டினால் ஒன்றரைப் பேர் இருக்கிறது, சொந்தமென்று சொல்ல ஒரு காம்பரா இல்லை. லெட்சுமி தை மாதம் கேகாலைக்குப் போகிறாள்.